ஒரே அச்சில் வார்த்த படகுகள்

மரப்படகுகள் மட்டுமே இருந்த காலத்தில் உரிமையாளர் கையேடு என்ற ஒன்று யாருக்கும் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் கீழைக் கரையிலும் இங்கிலாந்தின் தென்கரையிலும் உல்லாசப் படகு வேண்டியவர் பட்டறைக்குப் போய்ச் சொல்லிச் செய்வித்தார். எந்தப் பலகை எந்த மரம், எந்த மூட்டில் நீர் கசியும் என்பது தச்சருக்கு அத்துபடி. குறை தெரிந்தால் படகை அவரிடமே கொண்டுபோய் விடலாம்.

கண்ணாடியிழை இந்த உறவை அறுத்தது. இழைத் துணியை அச்சுக்குள் விரித்துப் பாலியெஸ்டர் பிசின் ஊற்றி இறுகவிட்டால் படகின் உடல் ஒரே வார்ப்பாக வெளிவரும். அதே அச்சில் அடுத்த படகை உடனே தொடங்கலாம். ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிரிஸ்டல் ஊரில், ஒன்றுவிட்ட சகோதரர்களான கிளின்டன் பியர்சனும் எவரெட் பியர்சனும் இம்முறையில் கட்டிய 28 அடி ‘ட்ரைட்டன்’ பாய்ப்படகு 1959 ஜனவரியில் நியூயார்க் படகுக் காட்சிக்கு வந்தது. வடிவமைத்தவர் சுவீடனில் பிறந்த கார்ல் ஆல்பர்க். விலை 10,000 டாலருக்கும் குறைவு. அடுத்த சில ஆண்டுகளில் எழுநூறுக்கு மேற்பட்ட ட்ரைட்டன்கள் கட்டப்பட்டன. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவற்றைக் கட்டிய ஆளைப் பார்த்ததே இல்லை.

தொழிற்சாலை தந்த தாள்களும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. இயந்திரம் செய்தவரின் குறிப்பு, அடுப்பு செய்தவரின் குறிப்பு, பாய்களின் அளவு, ஓர் உத்தரவாத அட்டை என்று பல படகுகளுக்குக் கிடைத்தவை சொற்பமே. மின்கம்பி சுவருக்குப் பின்னால் எவ்வழியாக ஓடுகிறது, மேல்தளத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இல்லை. அந்த விடைகளை உரிமையாளர்களே தேட வேண்டியிருந்தது.

தேடியவர்களுக்கு அச்சே துணை செய்தது. ஒரே அச்சில் பிறந்த படகுகளுக்குக் குறையும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒருவர் கண்டுபிடித்தது மற்ற எல்லோருக்கும் பயன்படும். ட்ரைட்டன் மேல்தளத்தின் இரு கண்ணாடியிழைப் படலங்களுக்கு நடுவே எடை குறைந்த பால்சா மரம் வைக்கப்பட்டிருந்தது. உலோகப் பொருத்துகளுக்காகத் துளைத்த ஓட்டைகள் வழியே நீர் இறங்கி அந்த மரம் உளுத்தது. காலடியில் தளம் மெத்தென்று அமுங்கினால் காரணம் என்ன, பழுதை எப்படி வெட்டி எடுத்து நிரப்புவது, புதிய துளையைப் பிசினால் எப்படி அடைப்பது என்பது உரிமையாளர் சங்கங்களின் மடல்கள் வழியே பரவிய அறிவு.

கலிபோர்னியாவில் ஃபிராங்க் பட்லர் தொடங்கிய கேட்டலினா நிறுவனத்தின் 22 அடிப் படகு பதினைந்தாயிரத்துக்கு மேல் விற்றது. படகடியில் நீருக்குள் நீளும் அதன் கனத்த கீல் (keel) தூக்கி இறக்கக்கூடியது; அது ஓர் அச்சாணியில் தொங்கும். அச்சாணி தேய்வதையும், கீலை இழுக்கும் கம்பிவடம் துருப்பிடிப்பதையும் உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டார்கள். பிற்பாடு பந்தயம் ஓட்டியவர்கள் பழைய அளவுக்கும் எடைக்கும் நெருங்கிய படகைக் கேட்க, நிறுவனம் ‘கேட்டலினா 22 ஸ்போர்ட்’ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது.

இங்கிலாந்தில் 1969-இல் வந்த வெஸ்டர்லி ‘சென்டார்’ இன்னும் கூர்மையான பாடம். இரண்டாயிரத்துக்கு மேல் விற்ற இந்த 26 அடிப் படகுக்கு இரட்டைக் கீல். கடல் வற்றத்தில் நீர் இறங்கினால் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். மக்கள் அதை விரும்பி வாங்கியதே அதற்காகத்தான். ஆனால் ஒவ்வொரு வற்றத்திலும் முழு எடையும் கீல் பொருந்தும் இடத்தில் விழுந்து, ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே உடல் நெகிழ்ந்து வெடிப்பு கண்டது. உள்ளிருந்து கூடுதல் கண்ணாடியிழை கொடுத்து வலுவூட்டுவது அப்படகுக்கு வழக்கமான வேலையாகவே ஆயிற்று.

நீருக்கடியில் படகுடலில் எழும் கொப்புளங்கள் எந்த ஒரு நிறுவனத்துக்கும் உரியவை அல்ல. கண்ணாடியிழையில் நீர் புகாது என்ற நம்பிக்கையையே அவை உடைத்தன. 1980-களில் புகார்கள் பெருகின. ரோட் ஐலண்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்கெட், வின்சென்ட் ரோஸ் ஆகியோர் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்காக ஆராய்ந்து 1987-இல் அறிக்கை தந்தனர். வெளிப்பூச்சைக் கடந்து மெல்லப் புகும் நீர் உள்ளே கரையக்கூடிய பொருள்களைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்து அழுத்தத்தால் வீங்குகிறது. இதை அறிந்தபின் பல தொழிற்சாலைகள் வெளி அடுக்குகளில் நீரை நன்கு தடுக்கும் வினைல் எஸ்டர் பிசினுக்கு மாறின. கொப்புளத்துக்கெனத் தனி உத்தரவாதமும் வந்தது. உரிமையாளர்களின் குரல் தொழிற்சாலையின் மூலப்பொருளையே மாற்றிய இடம் இது.

அமெரிக்காவில் சட்டம் இதற்கு முன்பே உரிமையாளர்களுக்குத் துணையாக வந்திருந்தது. ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் 1966-இல் நிறுவிய போட்யுஎஸ் அமைப்பு படகு வாங்குவோரின் பக்கம் நின்று வாதாடியது. 1971-இன் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புக் குறை தெரிந்தால் வாங்கியவர்களுக்கு அறிவித்துத் தன் செலவில் சரிசெய்யும் கடமையைத் தயாரிப்பாளர் மேல் வைத்தது. 1972 நவம்பர் முதல் புதிதாகக் கட்டிய ஒவ்வொரு படகுடலிலும் 12 எழுத்தெண்கள் கொண்ட அடையாளம் பொறிக்கப்பட்டது. குறையுள்ள படகுகள் எவை என்று பிரித்தறிய அது வழி செய்தது.

கையேட்டைக் கட்டாயமாக்கியது ஐரோப்பா. 1994-இன் உல்லாசப் படகு நெறிமுறை, 2.5 முதல் 24 மீட்டர் வரையான படகுகளுக்கு உரிமையாளர் கையேடு தரப்பட வேண்டும் என்றது. 1998 ஜூன் முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. எத்தனை பேர், எவ்வளவு சுமை, எந்த அளவு காற்றையும் அலையையும் படகு தாங்கும் என்பவை அதில் இடம்பெற்றன. இப்படி வகைப்படுத்தியதில் ‘சி’ வகைப் படகுக்குக் காற்று அளவுகோலின் ஆறாம் எண் காற்றும் இரண்டு மீட்டர் அலையும் எல்லை. பராமரிப்பும் ஆபத்துத் தவிர்ப்பும் சொல்லப்பட வேண்டும்.

எனினும் கையேடு படகு புதிதாக இருக்கும்போது எழுதப்படுவது. பதினைந்தாம் ஆண்டில் எது தேயும் என்பது அதற்குள் வராது. வெஸ்டர்லி நிறுவனம் மூடப்பட்ட பின்னும் அதன் உரிமையாளர் சங்கம் இயங்குகிறது. பழைய சென்டார் வாங்குவோர் முதலில் பார்ப்பது அதன் கீல் பொருந்தும் இடத்தைத்தான்.