சோழியில் ஒரு கிரகணம்

போன வாரம் பெண்ணோடு பத்தாம் வகுப்புக் கணக்கில் உட்கார்ந்தேன். இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டை 1:2 விகிதத்தில் பிரிக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். செக்‌ஷன் பார்முலா அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் ஒன்றையும் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். "அப்பா, கிட்ட இருக்கிற புள்ளிக்கு எதுக்கு பெரிய நம்பர்?" என்றாள். நியாயமான கேள்வி.

ஆர்யபட்டரைத் துணைக்கு அழைத்தேன். கி.பி. 499 வாக்கில் அவர் கால் வட்டத்தை 24 துண்டாக்கி, ஒவ்வொரு 225 கலைக்கும் (60 கலை ஒரு டிகிரி) ஜ்யா, அதாவது சைன், கொடுத்தார். ஆரம் 3438. முதல் ஜ்யா 225, அடுத்தது 449. சரி, 5 டிகிரிக்கு என்ன? அது 300 கலை. 225-ஐத் தாண்டி 75, 450-க்கு இன்னும் 150. அதே 1:2! பக்கத்தில் இருப்பது முதல் ஜ்யா, அதனால் அதன் சாயல்தான் விடையில் அதிகம். 225-ஐ இரண்டு முறை, 449-ஐ ஒரு முறை கூட்டி மூன்றால் வகுத்தால் 299.67. கால்குலேட்டர் சொல்வது 299.64. பெண் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

உடனே 'எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது' என்று மார்தட்ட வேண்டாம். ஆயத்தொலைவு வடிவியல் 1637-ல் டேகார்ட் வெளியிட்ட நூலோடு வந்தது. நம்மவர் செய்தது த்ரைராசிகம். உண்மையில் ஜ்யா வளைகோடு, இரண்டு புள்ளிக்கு நடுவே அதை நேர்கோடாக நினைத்துக்கொள்கிறோம். அது போதாது என்று பிரம்மகுப்தர் 665-லேயே வளைவுக்கும் சேர்த்து ஒரு திருத்தம் சொன்னார். த்ரைராசிகத்தை லீலாவதியில் கொண்டாடிய பாஸ்கரரின் நூல்களைப் படிக்க அவர் பேரன் மடம் வைத்ததாகக் கல்வெட்டு சொல்லும் பாட்டண், புனேயில் இருக்கும் நமக்கு அந்நியமில்லை. இதே மகாராஷ்டிரத்தில், சாலிஸ்காவ் பக்கத்தில்தான்.

நம் ஊர்க் கதை இன்னும் சுவாரசியம். வாக்கிய பஞ்சாங்கத்தில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள், நாளுக்கு ஒன்று. எழுத்துகளே எண்கள். இரண்டு நாளுக்கு நடுவிலுள்ள நேரத்துக்கு விகிதம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-ல் சென்னையில் வெளியிட்ட காலசங்கலிதத்தில், புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். காகிதம் கிடையாது. தரையில் சோழிகளை வைத்து, வாக்கியங்களை மனசிலிருந்து சொல்லி, அந்த வருஷச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். ஆரம்பத்தில் 4 நிமிஷம், நடுவில் 23, முடிவில் 52 நிமிஷம்தான் பிழை. ஆனால் அதன் பின்னால் உள்ள தத்துவம் அவருக்குத் தெரியாதாம்.

அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. என் பெண்ணும் சூத்திரத்தை அப்படித்தானே வைத்திருந்தாள்? அவராவது மறக்கவில்லை, மாற்றிப் போடவில்லை. இவளுக்குக் காரணம் தெரிந்தால்தான் நிற்கும். மறுநாள் சூத்திரம் இல்லாமலே ஐந்து கணக்குப் போட்டாள். ஐந்தும் சரி.

இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது, வாக்கியம் சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் யாராவது இருந்தால் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்படியே ஏன் என்றும் கேட்டுவிடுங்கள்.