படைப்பிரிவு அருங்காட்சியகப் பழம்பொருள்களை இனங்காணல்

படைப்பிரிவு அருங்காட்சியகங்களில் பெயரும் வரலாறும் தெரியாமல் கிடக்கும் ஆயுதம், எறிகணை, கருவி, சின்னம், பதக்கம் போன்றவை என்ன, எங்கே எப்போது செய்யப்பட்டவை, அந்தப் படைப்பிரிவிடம் எப்படி வந்து சேர்ந்தன என்று நிறுவும் பணி பழம்பொருள் இனங்காணல் எனப்படும். பொருளின் மேலுள்ள பொறிப்பு, அதன் அளவும் எடையும், செய்நேர்த்தி, எழுத்து ஆவணம், வாய்மொழிச் செய்தி ஆகிய ஐந்தும் இதற்கான சான்றுகள். இவற்றில் முதல் மூன்றும் பொருளிலேயே இருப்பதால் மற்ற இரண்டையும் சரிபார்க்க அவையே உரைகல்லாகின்றன.

பொது அருங்காட்சியகத்தைப் போலத் திட்டமிட்டுச் சேர்த்த தொகுப்பு பெரும்பாலும் படைப்பிரிவுகளிடம் இருப்பதில்லை. அதிகாரிகள் உணவகச் சுவரில் தொங்கிய வாள், போரில் கைப்பற்றிய துப்பாக்கி, ஓய்வுபெற்றவரின் குடும்பம் கொடுத்த பெட்டி, கிடங்கை ஒழித்தபோது கிடைத்த கருவி, படைத்தள நிலத்தைத் தோண்டியபோது வெளிவந்த குண்டு என்று பல வழிகளில் பொருள் வந்து சேர்கிறது. பொறுப்பாளர்கள் பணிமாற்றம் பெற்றுப் போகப் போக, பொருள் தங்கிவிடுகிறது, அதைப் பற்றிய விவரம் தொலைந்துவிடுகிறது.

பாதுகாப்பு

இனங்காணலுக்கு முன் ஆபத்தை மதிப்பிட வேண்டும். கருமருந்து நனையாமல் இருந்தால் நூறாண்டு கடந்தும் வெடிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அந்தப் போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றை 2008இல் வர்ஜீனியாவில் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர், அது வெடித்து இறந்தார். முதல் உலகப்போர்க் கால எறிகணைகள் சிலவற்றில் உள்ள பிக்ரிக் அமிலம் ஈயம் போன்ற உலோகங்களோடு சேர்ந்து, சிறு உரசலுக்கும் வெடிக்கும் உப்புகளாக மாறக்கூடும். ஆகவே உள்ளே வெடிமருந்து இல்லை என்று உறுதியாகாத எறிகணையையும் அதை வெடிக்கவைக்கும் ஃபியூஸையும் திருகவோ துளையிடவோ சூடாக்கவோ கூடாது. வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் பார்த்துச் சான்றளித்த பிறகே அவை ஆய்வு மேசைக்கு வரவேண்டும்.

திசைகாட்டி, விமானக் கடிகாரம், பார்வைமானி ஆகியவற்றின் எண்களில் ரேடியம் கலந்த ஒளிர்பூச்சு இருக்கலாம். இரவில் ஒளிரவில்லை என்பதால் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பூச்சிலுள்ள துத்தநாக சல்பைடு நாளடைவில் கெட்டு ஒளி மங்குகிறது, ரேடியம் 226இன் அரையாயுளோ சுமார் 1,600 ஆண்டு. அத்தகைய கருவியின் கண்ணாடியைத் திறக்கக் கூடாது.

பொறிப்புகளும் முத்திரைகளும்

பிரிட்டிஷ் அரசுடைமையைக் காட்டும் முதன்மை அடையாளம் காக்கையின் கால்தடம் போன்ற மூன்று கோட்டு அம்புக்குறி. அம்பின் கீழே ஆங்கில ‘ஐ’ எழுத்து இருந்தால் இந்திய அரசுப் படையின் உடைமை. ‘சி’ எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், படைப் பயன்பாட்டிலிருந்து நீக்கி விற்கப்பட்ட பொருள் என்று கொள்ளலாம்.

ஆட்சியாளரின் பெயரெழுத்து காலத்தைக் குறுக்குகிறது. வி.ஆர். என்பது விக்டோரியா (1837–1901), ஈ.ஆர். ஏழாம் எட்வர்டு (1901–1910), ஜி.ஆர். ஐந்தாம் ஜார்ஜ் (1910–1936) அல்லது ஆறாம் ஜார்ஜ் (1936–1952). இந்தியாவில் செய்த துப்பாக்கியில் ஜி.ஆர். எழுத்துகளோடு பேரரசரைக் குறிக்கும் ‘ஐ’ சேர்ந்து வரும். குடியரசு ஆன 1950க்குப் பின் கிரீடத்தின் இடத்தை அசோகச் சிங்கம் பிடித்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த ரைபிளின் உலோகக் கழுத்தில் தொழிற்சாலைப் பெயர், மாதிரி, ஆண்டு மூன்றும் இருக்கும். பார்வைக்குப் பழைய .303 லீ-என்ஃபீல்டு போலவே தோன்றும் ஒன்றில் ‘7.62 மி.மீ. 2ஏ’ என்ற பொறிப்பு இருந்தால், அது 1960களில் இஷாப்பூரில் புதிதாகச் செய்யப்பட்டது. உலகப்போர்க் கால ரைபிள் என்று அதைக் காட்சிக்கு வைப்பது பிழை.

இந்த ரைபிள்களுக்கு முந்தைய காலத்துக்கு வேறு முத்திரைகள் உதவுகின்றன. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிப் பூட்டுத் தகட்டில் முதலில் நான்காகப் பிரிந்த இதய வடிவ வணிக முத்திரையும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கமும் காணப்படும். கம்பெனிக்காகச் செய்யப்பட்ட ‘இந்தியா பேட்டர்ன்’ மஸ்கட்டின் குழல் 39 அங்குலம். டச்சுக் கம்பெனியின் பீரங்கியில் வி.ஓ.சி. எழுத்துகள் பின்னிய முத்திரை இருக்கும். திப்பு சுல்தானின் ஆயுதங்களில் புலிவரி வடிவமும் மௌலூதி என்னும் ஆண்டுக்கணக்கும் உண்டு. அந்த ஆண்டின் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டிருப்பதால், பழகாதவர்கள் தலைகீழாகப் படித்துவிடுவார்கள்.

தேய்ந்த பொறிப்பைப் பார்க்க, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படம் எடுப்பது முதல் வழி. பித்தளையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் படைத்தளப் பழக்கம் இங்கே பெருங்கேடு. எழுத்தின் விளிம்பு ஒவ்வொரு தேய்ப்பிலும் கரைகிறது.

அளவும் எடையும்

பிரிட்டிஷ் பீரங்கியின் பின்பகுதியில் 9-2-14 என்பது போல மூன்று எண்கள் இருந்தால் அவை தேதி அல்ல, எடை. முதல் எண் 112 பவுண்டு கொண்ட ஹண்ட்ரட்வெயிட் (இலங்கைத் தமிழர் அந்தர் என்பது), இரண்டாவது அதன் காலான 28 பவுண்டு, மூன்றாவது உதிரிப் பவுண்டு. மேற்கண்ட பீரங்கி 1,078 பவுண்டு, அதாவது சுமார் 489 கிலோ. பிற ஐரோப்பியர் எடையை வேறு முறையில் பொறித்ததால், இந்த மூன்றெண் முறையே நாட்டுக்கும் ஒரு சான்று.

உருண்டைக் குண்டின் விட்டமும் எடையும் சேர்ந்து அது திடமா குழிவா என்று சொல்லிவிடும். வார்ப்பிரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.2 கிராம். 11.2 செ.மீ. விட்டமுள்ள திட உருண்டை 5.3 கிலோ இருக்கவேண்டும். அது 12 பவுண்டர் பீரங்கிக்கு உரியது. எடை வெகுவாகக் குறைந்தால் உள்ளே குழிவு உண்டு, அதில் வெடிமருந்தும் இருக்கலாம். கணக்கு பொருந்திய உருண்டையும் ஆலைகளில் தாது அரைக்கும் இரும்புக் குண்டாக இருக்கலாம். பீரங்கிக் குண்டு என்று கொண்டுவரப்படுபவற்றில் அத்தகையவை நிறைய. விட்டம் வழக்கத்திலிருந்த எந்தப் பீரங்கிக்கும் பொருந்தாதது அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

தோட்டாவும் எறிகணையும்

.303 தோட்டாவின் அடித்தட்டில் தொழிற்சாலைக் குறி, ஆண்டு, மாதிரி எண் ஆகியவை உண்டு. கே.எஃப். என்றால் புனே அருகிலுள்ள கிர்க்கி. ரோமன் ஏழு என்பது 1910இல் ஏற்கப்பட்ட கூர்முனைத் தோட்டா. ‘இசட்’ சேர்ந்திருந்தால் உள்ளே கார்டைட்டுக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து.

எறிகணையில் முதலில் பார்க்கவேண்டியது அடிப்பக்கத்துச் செம்புப் பட்டை. பட்டை வழவழப்பாக இருந்தால் அது சுடப்படாதது. சாய்வான வெட்டுகள் விழுந்திருந்தால் குழலின் மரைவரிகள் வழியே பாய்ந்தது. வெட்டுகளின் எண்ணிக்கை எந்தப் பீரங்கி என்பதற்குத் துப்பு. பட்டையே இல்லாமல் உடலில் குமிழ்கள் வரிசையாக இருந்தால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாய்வழி நிரப்பிய மரைக்குழல் பீரங்கிக்கு உரியது. நிறத்தை நம்பக் கூடாது. விழாவுக்கு விழா புதிய வண்ணம் பூசப்பட்டிருக்கும்.

சின்னம், பொத்தான், பதக்கம்

படைப்பிரிவு எண்கள் மாறிய ஆண்டுகள் தெரிந்தால் சிறு பொத்தானும் காலம் சொல்லும். 13ஆவது மெட்ராஸ் காலாட்படை 1903இல் 73ஆவது கர்நாடிக் காலாட்படை ஆகி, 1922இல் மூன்றாவது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் ஆனது. எனவே 73 என்ற எண் 1903–1922 காலத்தைச் சுட்டுகிறது. ஆயினும் பிரிட்டனின் சொந்த 73ஆவது காலாட்படையும் 1881 வரை அந்த எண்ணைத் தாங்கியது. பொத்தானில் கிரீடம் இருந்தால் குழப்பம் தீரும். 1901க்குப் பின் வந்த கிரீடத்தின் வளைவுகள் உச்சியில் குவிந்து உயரும், விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் நடுவில் தாழும்.

பதக்கத்தின் விளிம்பில் பெரும்பாலும் வீரரின் எண், தரம், பெயர், பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் உலகப்போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரிட்டன் தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமல் வழங்கியது. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் பெயர் உண்டு. ஆகவே பெயருள்ள நட்சத்திரத்தைப் போலி என்று ஒதுக்கிவிடாமல், அந்தப் பெயரைப் பணிப்பதிவேட்டில் தேடவேண்டும்.

அடிக்கடி குழப்பும் பொருள்கள்

முக்காலியில் பொருத்திய வட்டக் கண்ணாடியின் நடுவில் ரசம் பூசாத சிறு புள்ளி இருந்தால் அது ஹீலியோகிராஃப். ஹென்றி மான்ஸ் 1869இல் கராச்சியில் உருவாக்கிய இக்கருவி சூரிய ஒளியை மின்னவைத்துச் செய்தி அனுப்பியது. அந்தப் புள்ளி குறிபார்க்கும் துளை.

சுமார் ஐந்தடி நீளமுள்ள, ஒன்றோடொன்று இணைக்கத்தக்க உலோகக் குழாய் பெங்களூர் டார்பிடோவின் துண்டாக இருக்கலாம். முள்வேலியை வெடித்துத் தகர்க்கும் இதை, பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக் 1912இல் வடிவமைத்தார். பாதியில் வெட்டியது போலத் திருகுமரையோடு முடியும் பீரங்கிக் குழல், கோவேறு கழுதைகளின் முதுகில் மலையேறிய 2.5 அங்குலப் பீரங்கியின் ஒரு பாதியாக இருக்கலாம். எண்வளையங்கள் உள்ள பித்தளைக் கூம்பு, மேசை அலங்காரமாகவோ கடிகாரப் பகுதியாகவோ எண்ணப்படுவது உண்டு. உண்மையில் அது எறிகணையின் நேர ஃபியூஸ். 18 பவுண்டர் பீரங்கிக்கான 80ஆம் எண் ஃபியூஸின் வளையத்தில் 0 முதல் 22 வரை அளவு இருக்கும்.

நகரா ராக்கெட்டுகள்

பிழையான முதல் அடையாளம் திருத்தப்பட்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்து நகரா. 1763இல் ஹைதர் அலி கைப்பற்றி ஹைதர்நகர் என்று பெயரிட்ட பழைய பெத்னூர் இது. 2002இல் இங்கே ஒரு கிணற்றைத் தூர்வாரியபோது 160க்கும் மேற்பட்ட துருப்பிடித்த இரும்புப் பொருள்கள் கிடைத்தன. பீரங்கி எறிகணைகள் என்றே முதலில் கருதப்பட்டன. பின்னர் ஆய்வில் கருமருந்து அடைத்த இரும்பு உருளைகளான மைசூர் ராக்கெட்டுகள் என்று தெரிந்தது. 2018இல் நகராவில் நடந்த அகழ்வில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு முன் இவ்வகை ராக்கெட்டுக்குப் பெயர்பெற்ற மாதிரிகள் இங்கிலாந்தில் வூல்விச்சின் ராயல் ஆர்ட்டிலரி சேகரிப்பில் இருந்த இரண்டே.

வாய்மொழியும் ஆவணமும்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையைத் தாக்கியது. சென்னையில் கிடைக்கும் பழைய எறிகணை எதையும் அதன் பெயரில் சொல்லிவிடும் ஆசை இயல்பானது. எம்டனின் பீரங்கிகள் 10.5 செ.மீ. அக்காலப் பிரிட்டிஷ் நான்கங்குலப் பீரங்கி 10.16 செ.மீ. துருவை ஒதுக்கி வெர்னியர் காலிப்பரால் அளந்தால் இந்த வேறுபாடு தெரியும். அளவு 10.5க்குப் பொருந்தினாலும் வாதம் முடிவதில்லை. பின்னாளில் இந்திய இராணுவமும் 105 மி.மீ. பீரங்கி வைத்திருந்தது. பட்டையின் வடிவம், ஜெர்மன் பொறிப்பு, கிடைத்த இடம் ஆகியவை சேர்ந்தால்தான் பெயர் நிற்கும்.

வாய்மொழிச் செய்தியைத் தூக்கி எறிவதும் தவறு. கொடுத்தவர் சொன்னதை அவர் சொன்னபடியே, தேதியோடு எழுதிவைக்க வேண்டும். படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு, கிடங்குப் பதிவேடு, பழைய குழுப் புகைப்படம், உணவகச் சொத்துப் பட்டியல் ஆகியவற்றில் அது எங்கேனும் இடித்தாலோ ஒத்தாலோ குறிக்கவேண்டும்.

பதிவு

ஒவ்வொரு பொருளுக்கும் சேர்க்கை எண், பல கோணப் படங்கள், அளவு, எடை, பொறிப்பின் நகல், வந்த வழி ஆகியவை அட்டையில் ஏறவேண்டும். எண்ணைப் பொருளில் எழுதும்போது, பின்னர் கரைத்து நீக்கத்தக்க வார்னிஷ் பூச்சின் மேலேயே எழுதுவது முறை. நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின் கீழும், சுடத்தக்க துப்பாக்கிகள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழும் வரக்கூடும் என்பதால் அந்த விவரமும் அட்டையில் வேண்டும்.

முடிவை ‘உறுதி’, ‘வாய்ப்புள்ளது’, ‘வழிவழிச் செய்தி’ என்று மூன்று நிலைகளில் குறிப்பது பயனுள்ளது. ஒவ்வொரு நிலைக்கும் எந்தச் சான்று காரணம் என்பதும் எழுதப்பட்டிருந்தால், அடுத்து வரும் பொறுப்பாளர் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. புதிய சான்று கிடைக்கும்போது எந்த வரியைத் திருத்துவது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.