பழவேற்காட்டு 'பாடு': ஒரு எளிய வலையின் வரலாறு

பழவேற்காடு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பிளமிங்கோ பறவைகளும், 1613ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையும்தான். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனால் ஏரிக்கரைக் குப்பங்களின் வரலாறு தெரிய வேண்டுமென்றால் கோட்டையை விட்டுவிட்டு ஒரு சாதாரண வலையைப் பார்க்க வேண்டும்.

அந்த வலையின் பேர் சுத்து வலை. ஏரித் தரையில் வரிசையாகக் கம்புகளை ஊன்றி, நீரோட்டத்துக்குக் குறுக்கே கட்டுவார்கள். மோட்டார் வேண்டாம், டீசல் வேண்டாம். வேலையை தண்ணீரே பார்த்துக்கொள்ளும்!

எப்படி? இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து சில மாதம் வளரும். பிறகு இரவில், வடியும் நீரோடு திரும்பக் கடலுக்குப் போகும். போகிற வழியில் வலை இருந்தால் போதும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நீரோட்டம் வேகம் அதிகம், இறாலும் அதிகம்.

சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். வலையை யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். கருவி எளிதாக இருந்தால் இடத்துக்குத்தான் விலை. இங்கிலாந்தில் டிரவுட் மீன் பிடிப்பவர் கையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு சின்னப் பொய் ஈ. செலவு அதில் இல்லை. ஆற்றங்கரை யாருடைய சொத்தோ அவருக்குப் பணம் கட்டினால்தான் தூண்டிலே போட முடியும்!

பழவேற்காட்டுக்காரர்கள் இடத்தை விற்கவில்லை. முறை வைத்துப் பிரித்தார்கள். அதுதான் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று குப்பங்களுக்கு இதில் உரிமை. யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறை வைத்தும் சீட்டு குலுக்கியும் முடிவு செய்வார்கள். இன்று மோசமான இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம் வரும். மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து. இலங்கையில் நீர்கொழும்பு களப்பிலும் இதே மாதிரி சீட்டு முறை உண்டு. அதற்கு 1958ல் அரசே தனி விதிகள் போட்டது. பழவேற்காட்டு முறைக்கு அப்படி ஒரு சட்டத் துணை இல்லை. ஆனாலும் 1991ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் இதைப் பற்றித் தனியாக ஒரு ஆய்வே வெளியிட்டது.

பொதுச்சொத்தை ஆளாளுக்கு அள்ளி அழித்துவிடுவார்கள் என்று 1968ல் எழுதினார் காரெட் ஹார்டின். அப்படியில்லை, மக்கள் தாங்களே விதி போட்டுக் காப்பாற்றவும் செய்வார்கள் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009ல் பொருளாதார நோபல் கிடைத்தது. பாடு முறை ஆஸ்ட்ரோம் கட்சிக்கு நல்ல சாட்சி.

ஆனால் கதை இதோடு முடியவில்லை. பாட்டுப் பட்டியலில் பேர் இருப்பது பட்டினவர் சமூகத்து ஆண்களுக்குத்தான். அதே ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களுக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. இருளர்களின் கருவி சுத்து வலையைவிட எளியது: இரண்டு கை, ஒரு பறி. முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து, சேற்றைத் தடவி இறால் பிடித்து, பல்லால் கடித்துக்கொண்டிருக்கும் ஓலைப் பறியில் போடுவார்கள். பெண்களும்தான். சிப்பி கையைக் கிழிக்கும். கெளுத்தி முள் குத்தும்.

இறால் மலிவாக இருந்தவரை இது பெரிய பிரச்சனையாக வெடிக்கவில்லை. 1970களுக்குப் பிறகு ஏற்றுமதியால் இறால் விலை ஏறியது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவுதளம் வந்தபோது (முதல் ராக்கெட் 1971 அக்டோபர் 9) அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் ஏரிக்கரைக்கு வந்தார்கள். வெளியே நின்றவர்கள் "ஏரி எல்லோருக்கும்தானே?" என்று கேட்டார்கள். "இது எங்கள் பாட்டன் காலத்து உரிமை" என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். சண்டை வந்தது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எல்லோரும் வலை கட்டினால் வெளியேறும் இறால் ஒன்றுகூடக் கடலுக்குப் போய்ச் சேராது. கட்டுப்பாடு வேண்டும். ஆனால் பிறப்பை வைத்துப் போடும் கட்டுப்பாடு ஏரியைக் காப்பாற்றினாலும், அந்தக் காப்பாற்றலின் செலவை ஏழையிலும் ஏழை தலையில் கட்டிவிடுகிறது.

இப்போது இன்னொரு தொல்லை. முகத்துவாரத்தில் அடிக்கடி மணல் மூடிக்கொள்கிறது. குஞ்சு உள்ளே வராவிட்டால் சுத்து வலைக்கும் வேலையில்லை, பறிக்கும் வேலையில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பட்டியலில் பேர் உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றுதான்.

முறை வைத்துப் பிரிக்கத் தெரிந்த ஊர் பழவேற்காடு. பட்டியலில் பேர் சேர்க்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்குத்தான் அங்கே இன்னும் சீட்டு குலுக்கவில்லை.