பணிப்பதிவேடு

பதிதல் என்றால் அழுந்துதல். ஏடு என்பது மெல்லிய தகடுபோன்ற படலம். பால்மேல் படிவதும் ஏடுதான், பனையோலையும் ஏடுதான். ஓலையில் எழுத்தாணி கீறியது அழியாது. காகிதம் வந்தபின்னும் பெயர் மாறவில்லை.

முட்டுக்காடு படகுத்துறையில் காவலுக்கு நிற்கும் காவலருக்கும் இப்படி ஓர் ஏடு உண்டு, பணிப்பதிவேடு. அலுவலகப் பேச்சில் அது 'எஸ்.ஆர்.', அதாவது சர்வீஸ் ரெஜிஸ்டர். சேர்ந்த நாள், ஊதிய உயர்வு, விடுப்பு, வெகுமதி, தண்டனை எல்லாம் அதில் ஏறும். மாற்றலானால் ஏடும் கூடவே போகும். தண்டனைக்கான நடைமுறையைச் சொல்வது தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி (ஒழுங்கு, மேல்முறையீடு) விதிகள், 1955.

அந்த ஏட்டைப் பொதுமக்கள் பார்க்கலாமா? அரசு ஊழியரின் குற்றக் குறிப்பாணையும் தண்டனை விவரமும் தனிப்பட்ட தகவலே, பெரும் பொதுநலன் இருந்தால் மட்டும் தரலாம் என்று கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு அடிப்படையான, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவிலிருந்த பொதுநலன் விலக்கையே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கிவிட்டது. பொதுநலனுக்காகத் தகவல் தர இடமளிக்கும் 8(2) மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நியூயார்க்கோ காவலர் பதிவுகளை மூடிவைத்த '50-ஏ' சட்டத்தை 2020இல் ரத்து செய்தது. காவலரின் விடுப்பும் மருத்துவக் குறிப்பும் அவருடையவை. லாக்கப்பில் அடித்தது விசாரணையில் உறுதியான பக்கம் அப்படியல்ல. அடிபட்டவர் அதைக் கேட்டுப் பெற வழி வேண்டும்.