போர்ட் எலிசபெத்

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், அல்கோவா விரிகுடாவின் கரையிலுள்ள துறைமுக நகரம். 2021 முதல் இதன் அதிகாரப்பூர்வப் பெயர் க்கெபெர்ஹா. பாக்கன்ஸ் ஆற்றின் கோசா மொழிப் பெயர் இது. ஆற்றுமுகத்தைக் காக்க ஆங்கிலேயர் 1799இல் பிரெடெரிக் கோட்டையைக் கட்டினர். 1820இல் ஏறத்தாழ 4,000 ஆங்கிலேயக் குடியேறிகள் இக்கரையில் இறங்கினர். தற்காலிக ஆளுநர் ரூஃபேன் டான்கின், 1818இல் இந்தியாவின் மீரட்டில் காய்ச்சலால் இறந்த தம் மனைவி எலிசபெத்தின் பெயரை ஊருக்கு இட்டார். குன்றின்மேல் மனைவியின் நினைவாக அவர் எழுப்பிய கற்பிரமிடு இன்றும் உள்ளது. அருகிலுள்ள கலங்கரை விளக்கம் 1861ஐச் சேர்ந்தது.

நகர வரலாற்றின் ஆறாத புண் சவுத் எண்ட். மலாய், இந்திய, சீன, கோசா, வெள்ளைக் குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த துறைமுகப் பகுதி அது. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ் 1960களிலும் 1970களிலும் வெள்ளையரல்லாதார் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். மீன்பிடித்துப் பிழைத்தவர்கள் கடலிலிருந்து வெகுதொலைவில் குடியமர்த்தப்பட்டனர். வீடுகளும் கடைகளும் இடித்துத் தள்ளப்பட்டன. தப்பிய சில கட்டடங்களுள் பியர் தெருப் பள்ளிவாசல் ஒன்று. வெளியேற்றப்பட்டோரின் நினைவுகளையும் நிழற்படங்களையும் சவுத் எண்ட் அருங்காட்சியகம் பாதுகாத்து வருகிறது.