சிந்து என்னும் சொல்

சிந்து என்றதும் காவடிச் சிந்தே பலர்க்கும் நினைவில் எழும். சிதறுதற் பொருளிலமைந்த சிந்துதல் என்னும் வினையினின்று இப்பெயர் பிறந்தது என்பாரும் உளர். யாப்பு நூல்களை நோக்குவார்க்கோ வேறொரு பொருள் புலனாகும். தொல்காப்பியர் நான்கு முதல் ஆறெழுத்து வரை அமைவதைக் குறளடி என்றும், ஏழு முதல் ஒன்பதெழுத்து வரை அமைவதைச் சிந்தடி என்றும் வகுத்தார். பின்வந்தோர் எழுத்தெண்ணிக்கையை விடுத்துச் சீரைக் கொள்ளவே, முச்சீரடி சிந்தடியாயிற்று. காரிகையின் உரைகாரர் மனித உருவத்தையே உவமை காட்டுவார்: மிகக் குறியவன் குறளன், அவனினும் சற்றே நெடியவன் சிந்தன். ஆகவே சிந்து என்றால் அளவிற் சிறியது.

அளவிற் சிறியதை மதிப்பிலும் சிறியதாகக் கருதினர் புலவர் பலர். ஆனால் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் இசைப்பாக்களை எண்ணுமிடத்துச் சிந்தும் இடம்பெறுகிறது. பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகத்தை வெளியிட்டபோது, பாரதக் கதைக்கு அவர் பெரிதும் கைக்கொண்டது நொண்டிச் சிந்தின் நடையையே. 1891இல் இளவயதிலேயே மறைந்த அண்ணாமலை ரெட்டியாரின் புகழோ கழுகுமலை முருகன்மீது பாடிய காவடிச் சிந்தால் நிற்கிறது. புலவர் ஒதுக்கியதைக் கவிஞர் ஏற்றனர்!

வழிநடைச் சிந்து என்றும் ஒருவகை உண்டு. பயணம் போவோர் வழியிற் கண்ட ஊரையும் ஆற்றையும் சோலையையும் பாடிக்கொண்டே நடப்பதாக அமைவது அது. இடம்பெயர்ந்த மக்களுக்கு இதனினும் பொருத்தமான பெயர் ஏது?

கோலாரில் 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளினின்று தமிழர் திரண்டு வந்தனர். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கந்தோறும் குடியிருப்புகள் எழுந்தன. இவர்களை எழுத்தறியாக் கூலிகள் என்று தள்ளிவிட இயலாது. அயோத்திதாசப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வெளியிட்டது மாரிகுப்பத்துச் சித்தார்த்த புத்தகசாலையன்றோ! அச்சேறியவை நிலைத்தன. வாயிற் பாடியவற்றுக்கு அந்தப் பேறு எளிதில் வாய்ப்பதில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் பலவும் பிழைப்புக்காகப் பெங்களூரை நாடின. பாட்டிமார் பாட்டுகளை இனி எழுதிக்கொள்ள முற்படுவோர், பாடியவர் அதனைச் சிந்து என்றாரா, மெட்டு என்றாரா, வெறும் பாட்டு என்றாரா என்பதையும் அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ள வேண்டும். கூலிப் பாட்டு என்று நாம் ஒரு பெயரை ஒட்டிவிட்டால் அவருடைய சொல் மறைந்துபோகும்.