வென்டிலேட்டர் விடுவிப்பும் உறவினர் துணையும்

வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியால் உயிர் வாழும் நோயாளியைப் படிப்படியாகத் தன் சொந்த மூச்சுக்குத் திருப்புவதே வென்டிலேட்டர் விடுவிப்பு. பெரும்பாலோருக்கு இது ஓரிரு நாளில் முடிந்துவிடும். சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். அப்போது குடும்பத்தாரின் துணையும் சிகிச்சையின் பகுதியாகிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இத்தகைய நோயாளிகள் வந்து சேரும் பெரிய அரசு மருத்துவமனை, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி தொடங்கிய ஆண்டு 1965.

வரலாறு

1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சென் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றேற்றும் வழியைக் காட்டினார். ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையை அழுத்தினர். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு இந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததே.

வகைகள்

2005இல் புடாபெஸ்ட் நகரில் கூடிய வல்லுநர் மாநாடு விடுவிப்பை மூன்றாகப் பிரித்தது. நோயாளியால் தானாக மூச்சுவிட முடிகிறதா என்று பார்க்கும் முதல் மூச்சுச் சோதனையிலேயே தேறினால் அது எளிய விடுவிப்பு. மூன்று சோதனைகள் வரையிலோ 7 நாள் வரையிலோ தேவைப்பட்டால் கடின விடுவிப்பு. அதையும் தாண்டினால் நீடித்த விடுவிப்பு. 21 நாளோ அதற்கு மேலோ, தினமும் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் கருவி தேவைப்படும் நிலைக்கு நீடித்த செயற்கைச் சுவாசம் என்று பெயர்.

இப்பகுதியில் காணப்படும் காரணங்கள்

நெல்லும் வாழையும் விளையும் ஆற்றுப்படுகையில், நிமோனியா, சாலை விபத்துத் தலைக்காயம் ஆகியவற்றோடு பூச்சிமருந்து நஞ்சும் கட்டுவிரியன் கடியும் வென்டிலேட்டர் தேவைப்படும் காரணங்களாகின்றன. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உட்கொண்டவர் முதல் நாள் தெளிந்து பேசிவிட்டு, 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்தைத் தூக்க முடியாமலும் மூச்சுவிட முடியாமலும் ஆவதுண்டு. இந்த இடைநிலைத் தசைத் தளர்ச்சியை 1987இல் விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும். ‘நேற்று பேசினாரே, இன்று ஏன் மிஷின்?’ என்று உறவினர் கேட்பதற்கான விடை பல நேரம் இதுவே. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனைகளைச் சிதைப்பதால், விஷமுறிவு மருந்து செலுத்திய பிறகும் அவை மறுபடி வளரும் வரை கருவி வேண்டியிருக்கும். கில்லன்-பாரே நரம்பு நோயிலும் மீட்சி மெதுவாகவே வரும்.

விடுவிக்கும் முறை

கருவி மூச்சுவிடும் நாட்களில், மூச்சுத் தசையான உதரவிதானம் மெலிகிறது. 2013இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், கடும் நோயுற்றவர்களின் தொடைத் தசை 10 நாளில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. நீண்ட நாள் நோயாளி மூச்சுக்கு மட்டுமின்றிக் கைகால் அசைக்கவும் திணறுவது இதனால்தான்.

நோய் தணிந்ததும் மயக்க மருந்தைக் குறைத்து, 30 நிமிடம் முதல் 2 மணி நேரம் வரை நோயாளியைத் தானாக மூச்சுவிட வைத்துப் பார்ப்பார்கள். மூச்சு நிமிடத்துக்கு 35ஐத் தாண்டினாலோ, ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ, வியர்த்துப் பதறினாலோ கருவியை மீண்டும் இணைப்பார்கள். நாட்கள் நீண்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்கும் டிரக்கியாஸ்டமி செய்யப்படும். வாய்க்குழாயின் தொல்லை நீங்கும், மயக்க மருந்தும் குறையும். அதன்பின் பகலில் சில மணி நேரம் சொந்த மூச்சு, இரவில் கருவியின் துணையுடன் ஓய்வு என்று பயிற்சி கூடிக்கொண்டே போகும். காய்ச்சல், சளி, தூக்கமின்மை ஆகியவற்றால் ஓரிரு நாள் பின்னடைவு வருவது இயல்பு. மீண்டும் கருவியில் வைத்தார்கள் என்பதற்காகச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று பொருளில்லை.

உறவினர் பங்கு

தீவிர சிகிச்சைக்கான ஆறு அம்ச வழிமுறையில் கடைசி அம்சம் குடும்பத்தின் பங்கேற்பு. நோயாளியிடம் தம் பெயர், இன்று என்ன கிழமை, எந்த மருத்துவமனை என்பதை எளிய சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்லலாம். கண்ணாடி, காது கேட்கும் கருவி இருந்தால் கொண்டுவர வேண்டும். குழாய் இருக்கும்போது பெரும்பாலும் பேச்சு வராது என்பதால், ஆம்/இல்லை என்று தலையசைக்கும் கேள்விகளும் எழுத்துப் பலகையும் உதவும். நோயாளி குழம்பி, இல்லாததைக் கண்டு, குழாயைப் பிடுங்க முயல்வது டெலிரியம் என்னும் தற்காலிக மூளைக்குழப்பம். இதைப் பைத்தியம் என்றோ பேய்க்கோளாறு என்றோ எண்ணக் கூடாது.

பார்வை நேரத்தை நீட்டினால் இக்குழப்பம் குறையுமா என்று பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சோதித்தனர். 2019இல் வெளியான முடிவின்படி டெலிரியம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. ஆனால் உறவினரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. அனுமதியின்றி வாயில் பாலோ தீர்த்தமோ விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். கழுத்துத் துளையருகே திருநீற்றையோ பவுடரையோ தூவக் கூடாது. கை கழுவாமல் தொடக் கூடாது. மருத்துவரிடம் பேச வீட்டில் ஒருவரை நியமித்து, அவர் தினமும் ஒரே நேரத்தில் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டால் ஆளுக்கொரு தகவலால் வரும் குழப்பம் தவிரும். பாபநாசம், அம்பாசமுத்திரம் போன்ற ஊர்களிலிருந்து வந்து தங்குவோர் முறைவைத்து மாறிக்கொள்வது அவசியம். துணையிருப்பவரின் தூக்கமும் உணவும் கெட்டால் அவரும் நோயாளியாவார்.

வீடு திரும்பிய பின்

உடல் தளர்ச்சி, மறதி, கெட்ட கனவு, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை மாதக்கணக்கில் நீடிக்கலாம். 2010இல் கூடிய வல்லுநர்கள் இவற்றைத் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய கூட்டறிகுறி என்று தொகுத்தனர். துணையிருந்தவர்களுக்கு வரும் மனத்துயரும் இதில் சேரும்.

கழுத்தில் குழாயுடன் அனுப்பப்படுவோரின் வீட்டார் சளி உறிஞ்சவும், உள்குழாயைக் கழுவவும், குழாய் அடைத்தால் என்ன செய்வதென்றும் செவிலியரிடம் செய்துபார்த்துக் கற்றபின்பே புறப்பட வேண்டும். துளை முழுதும் மூடும்வரை ஆற்றுக் குளியலும் குற்றால அருவிக் குளியலும் கூடவே கூடாது. துளைவழி புகும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும்.

அரசு உதவிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு அளிக்கிறது. அட்டை இருக்கிறதா என்பதை அனுமதியான அன்றே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்பது நல்லது. சாலை விபத்துக்குள்ளானோருக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லாதது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன. டிஸ்சார்ஜ் சுருக்கத்துடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி இதற்குப் பதிவு செய்துகொள்ளலாம்.